அண்ணாச்சிக்குக் கொடுத்த அப்பா

என் முதல் புத்தகம் இந்த வருடம் வெளிவந்தது. ராயபுரத்தில் துறைமுகத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, எழுதிப் பிழைக்க வந்த ஒருத்தியின் நினைவுகள் என்று பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள். அந்தத் தொழிலாளியைப் பற்றி எனக்கு மிக முக்கியமான ஒரு சம்பவம் அதில் இல்லை. முதல் அத்தியாயமாக இருந்ததை நானே எடுத்துவிட்டேன். கேட்பவர்களிடம் பக்கம் அதிகமாகிவிட்டது என்று சொல்லி வருகிறேன். அது பொய். நடந்தது வேறு.

பத்துப் பதினைந்து வருடமாக எந்த ஆபீசிலும் சேராமல் எழுத்தை மட்டும் நம்பிச் சோறு தின்கிறேன். திருவொற்றியூரில் இதை ஒரு வேலை என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரித் துண்டறிக்கை, மசாலாப் பொடி பாக்கெட்டின் பின்பக்கம், பங்குக் கோயில் ஆண்டு மலர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எதுவானாலும் எழுதுவேன். செத்தவரை நான் பார்த்திருக்கவே மாட்டேன், ஆனால் அவர் பிரிவால் வாடி நாலு வரி எழுதிக் கொடுப்பேன். இடையிடையே எனக்காகவும் எழுதினேன், அடியும் பட்டேன். ஒரு பதிப்பகம் இரண்டு வருடம் கையெழுத்துப் பிரதியை வைத்திருந்துவிட்டு, இருநூறு பிரதியை நானே வாங்கிக்கொண்டால் அச்சிடலாம் என்றது. இன்னொரு தொகுப்பில் என் கதை வேறொருவர் பெயரில் வந்தது. அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறோம் என்றார்கள், அடுத்த பதிப்பு வரவே இல்லை. இவ்வளவு பார்த்தாயிற்று, இனி என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சியின் வேலை வந்தது. தெற்கத்திப் பக்கத்திலிருந்து சிறு வயதில் பட்டணம் வந்து, மளிகை மொத்த வியாபாரத்தில் பெரிய ஆளானவர். காலடிப்பேட்டையில் கடை, பின்னால் குடோன். அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு அப்பாவின் வாழ்க்கை வரலாற்றையும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய மூத்த மகனுக்கு ஆசை. இப்போது அந்த வியாபாரக் குடும்பங்களில் இது ஒரு பழக்கமாகிவிட்டது. எழுதுபவர் பெயர் வராது. அண்ணாச்சியே எழுதியதாகத்தான் புத்தகம் இருக்கும். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, அது என் பிழைப்பு.

பன்னிரண்டு நாள் கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். துவரம்பருப்பு விலையைப் பற்றிக் கேட்டால் அண்ணாச்சி முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததைக்கூட நேற்று நடந்த மாதிரி சொல்வார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் வாய் கட்டிக்கொள்ளும். அவருடைய அப்பாவைப் பற்றி மூன்று தடவை கேட்டேன். கொஞ்ச நாள் தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், அப்புறம் ஊரில் சின்னக் கடை போட்டார் என்றார். மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னார்.

"எங்கய்யா அடிப்பாவ யம்மா. வேற ஒண்ணும் ஞாபகத்துல இல்ல."

மகன் இதைப் போட முடியாது என்றுவிட்டார். சரி என்று அந்த அத்தியாயத்தை ஒரு பத்தியில் முடித்தேன். அங்கே வந்தது வினை. அச்சகத்தில் பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். கடைசி ஃபாரத்தில் நாலு பக்கம் வெள்ளையாக நிற்கிறது என்று அச்சகக்காரர் போன் செய்தார். போட்டோ எல்லாம் தீர்ந்துவிட்டது. மகன் நாலு பக்கம் வெள்ளையாக விட்டால் அசிங்கம், தாத்தாவைப் பற்றி ஏதாவது உருக்கமாகப் போடுங்கள், மதியத்துக்குள் வேண்டும் என்றார். உருக்கத்துக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருந்த உருக்கம் ஒன்றே ஒன்றுதான். அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அது இதுதான். எனக்கு ஒன்பது வயது. அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுன் தைத்தாயிற்று, வெள்ளை ஷூ வாங்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவோடு நேரே கடைக்குப் போகச் சொல்லி அம்மா என்னைத் துறைமுக கேட்டுக்கு அனுப்பினாள். வீட்டில் சர்க்கரை இல்லை, ரேஷனில் வரவில்லை, வருகிற சொந்தக்காரர்களுக்கு எதைக் கலக்கிக் கொடுப்பது என்று அம்மா காலையில் புலம்பியிருந்தாள். அன்றைக்குக் கப்பலில் சர்க்கரை மூட்டை இறங்கியிருக்கிறது. எங்கோ கிழிந்த மூட்டையிலிருந்து தரையில் கொட்டியதை அப்பா அள்ளித் தன் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கேட்டில் சோதனை போட்டார்கள். காவலாளி டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அப்படியே தரையில் கவிழ்த்தார். இரண்டு பிடி சர்க்கரை, ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையோடு மண்ணில் விழுந்தது. அப்பா குனிந்து மூடியை எடுத்து மூடினார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். பார்த்தவர், என்னைத் தெரியாதவர் மாதிரி கடந்து போனார். நான் பின்னாலேயே போனேன். ஐம்பது அடி தள்ளி ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று திரும்பி, "பசிக்குதா?" என்று கேட்டார். அப்புறம் ஷூ வாங்கிக் கொடுத்தார். வீட்டு வாசலில் நுழையும் முன்னால், "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. அவர் சாகும்வரைக்கும் சொல்லவில்லை, செத்த பிறகும் பல வருடம் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இன்றுவரை அப்பாவின் மேல் ஒரு குறை உண்டு. துறைமுகத்தில் வேலை செய்த ஊரே ஏதாவது கொண்டுவந்தது, இவர் மட்டும் கையை வீசிக்கொண்டு வந்தார் என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிடும். என் பெயரில் அதை எழுதவும் எனக்குத் துணிவில்லை. ஆனால் அண்ணாச்சியின் பெயரில் எழுத உட்கார்ந்தபோது கை நிற்கவே இல்லை. பெண்ணைப் பையனாக்கினேன், புதுநன்மையைத் தீபாவளியாக்கினேன், வெள்ளை ஷூவைப் பள்ளிக்கூடச் செருப்பாக்கினேன். கேட்டையும் டிபன் பாக்ஸையும் "பசிக்குதா"வையும் தொடவில்லை. சரியாக நாலு பக்கம் வந்தது.

அச்சுக்குப் போகும் முன்னால் அண்ணாச்சி அந்தப் பக்கங்களைக் கல்லாவில் உட்கார்ந்தபடி படித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்துவிட்டு, இதை உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அச்சகக்காரர் எதிரே நின்றுகொண்டிருந்தார், மகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூசாமல், "நீங்கதான் அண்ணாச்சி, பேச்சோட பேச்சா சொன்னீங்க" என்றேன்.

"சொல்லியிருப்பேன்," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மாலையும் கழுத்துமாக மைக் முன்னால் நின்ற அண்ணாச்சி, நன்றி சொல்ல ஆரம்பித்து டிபன் பாக்ஸுக்கு வந்துவிட்டார். புத்தகத்தில் இல்லாததெல்லாம் சொன்னார். அந்தக் காவலாளிக்குப் பெரிய மீசை என்றார். அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது என்றார். மண்டபமே மூக்கைச் சிந்தியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெயில் கொளுத்திய நாள் அது. எழுந்து நின்று மழை இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. பையை வாங்கிக்கொண்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனாலும் அந்த நாலு பக்கம் ஒரு நல்லது செய்தது. ஒரு தடவை எழுதிவிட்டதால் பயம் போய்விட்டது. அடுத்த இரண்டு வருடத்தில் என் சொந்த நினைவுகளை எழுதி முடித்தேன். முதல் அத்தியாயம் கேட், அப்பா, சர்க்கரை. இந்தத் தடவை வெள்ளை ஷூவும் புதுநன்மையும் அதனதன் இடத்தில் இருந்தன. அம்மாவுக்கு வாயால் சொல்ல முடியாததைப் புத்தகமாகக் கையில் கொடுத்துவிடலாம், அவளே படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது என் கணக்கு. ஒரு நல்ல பதிப்பகம் எடுத்துக்கொண்டது. நானே பிரதி வாங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அதற்கே எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது.

மெய்ப்பு பார்க்கும் கட்டத்தில் பதிப்பாசிரியர் போன் செய்தார். குரலில் ஒரு தயக்கம். அவர்களுக்கு மெய்ப்புத் திருத்தும் அம்மாள் மாத்தூரில் குடியிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் மளிகைக்கடை வைத்திருப்பவர், அண்ணாச்சியிடம் சரக்கு எடுப்பவர். அந்தத் தாம்பூலப் பை அவர்கள் வீட்டுக்கும் போயிருக்கிறது. அந்த அம்மாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. இது அவரு வாழ்க்கையில நடந்ததுன்னு அவரு புத்தகத்துல இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடியே வந்துடுச்சு."

அந்தப் புத்தகத்தை எழுதியதே நான்தான் என்று சொன்னேன். அவர் மெதுவாக, அதன் இரண்டாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். எனக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. 'இந்நூலிலுள்ள நிகழ்வுகள் அனைத்தும் அய்யா அவர்கள் தம் வாயால் கூறியவை. முழு உரிமையும் அவருக்கே.' நல்ல கம்பீரமான வரி என்று நினைத்து நானே எழுதிப் போட்டது. கீழே தயாரிப்பு உதவி என்று பொடி எழுத்தில் என் பெயரும் இருந்தது. பதிப்பாசிரியர் என்னைத் திருடி என்று சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் போதும், இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்றார். அவர் போனை வைத்த பிறகும் நான் காதில் வைத்தபடியே நின்றேன். நான் என் அப்பா பெற்ற மகள்தான் என்பதற்குக் கடிதம் கேட்கிறார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அண்ணாச்சியின் கடைக்குப் போனேன். வாசலில் லோடுமேன்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் புத்தம் புதுசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். திருவிழாவா என்று ஒருவரைக் கேட்டேன்.

"அண்ணாச்சியோட அப்பா செத்த நாளும்மா. போன வர்சத்துலர்ந்து டிபன் பாக்ஸ்ல சக்கர போட்டுக் குடுக்கறாரு. அவுங்கப்பா ஆர்பர்ல சக்கர எட்துகினு வந்து மாட்டிகினாராம். பாவம்."

உள்ளே போனேன். கல்லாவுக்கு மேலே அவர் அப்பாவின் படம். முன்பு நான் பன்னிரண்டு நாள் உட்கார்ந்திருந்தபோது அதற்கு ஒரு பிளாஸ்டிக் மாலை மட்டும் இருந்தது. இன்றைக்கு ரோஜா மாலை, ஊதுபத்தி, முன்னால் திறந்த டிபன் பாக்ஸில் தளும்பத் தளும்பச் சர்க்கரை. அடித்தது தவிர வேறெதுவும் ஞாபகமில்லை என்று சொன்ன மனிதருடைய படத்துக்கு முன்னால் என் அப்பாவின் இரண்டு பிடிச் சர்க்கரை உட்கார்ந்திருந்தது. என் வீட்டில் அப்பாவின் நினைவு நாளுக்கு ஒரு பூசை சொல்லி வைப்பதோடு சரி. அதையும் இந்த வருடம் மெய்ப்பு வேலையில் மறந்திருந்தேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக ஸ்டூலை இழுத்துப் போட்டார். எப்படி ஆரம்பித்தேன், எதைச் சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அந்தச் சம்பவம் என் அப்பாவுக்கு நடந்தது, இந்த ஊர் துறைமுகத்தில் நடந்தது, நாலு பக்கம் நிரப்ப நான்தான் உங்கள் பெயரில் எழுதினேன், நீங்கள் சொன்னதாக நான் சொன்னது பொய் என்றேன். ஒன்றையும் மறைக்கவில்லை. கடையே கேட்டிருக்கும்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உங்கள் அப்பாவும் துறைமுகத்தில்தான் இருந்தாரா என்று கேட்டார். அதனால்தான் அவ்வளவு நன்றாக எழுதினேனாம்.

"அந்தக் காலத்துல எல்லா ஆர்பர்லயும் இது நடந்திருக்கும் யம்மா. ஒங்கப்பாவுக்கும் நடந்திருக்கும், நான் இல்லங்கல. ஆனா எங்கய்யா என்னயப் பாத்து பசிக்கான்னு கேட்டாவ பாத்தீயளா, அது என் காதுல இன்னும் கேக்கு."

கேட்டதாகச் சத்தியம் செய்யும் ஒரு காதோடு எப்படிச் சண்டை போடுவது? அந்தக் குரலை அவர் காதில் போட்டவளே நான்தான். அறுபது வயதுவரை அப்பன் கையால் வாங்கிய அடி மட்டுமே மிச்சமாக இருந்த மனிதர் அவர். இதைப் பிடுங்கினால் அவரிடம் பழையபடி அடிதான் இருக்கும். அது புரிந்தது. புரிந்தாலும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அது என் அப்பா.

எதற்கு இப்போது இந்தப் பேச்சு என்று அவர் கேட்டார். பதிப்பகத்தார் கடிதம் கேட்பதைச் சொன்னேன். இவ்வளவுதானா என்று சிரித்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கடை லெட்டர்பேடில் எழுதச் சொல்லித் தானே வரி வரியாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தி என் கையில் கொடுத்தார். என் தந்தையார் வாழ்வில் நடந்த மேற்படி நிகழ்ச்சியை இந்தச் சகோதரி தமது புத்தகத்தில் தமது தந்தையாருக்கு நடந்ததாக எழுதிக்கொள்ள நான் மனப்பூர்வமாக அனுமதி தருகிறேன் என்று இருந்தது.

கடை வாசலிலேயே அதைப் போட்டோ எடுத்துப் பதிப்பாசிரியருக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. இது தாராளமாகப் போதும், நன்றியுரையில் அவர் பெயரை மட்டும் சேர்த்துவிடுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. கைப்பையில் கடிதம், ஒரு கையில் டிபன் பாக்ஸ். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் அண்ணாச்சி எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டார்.

வீட்டில் அம்மா காபி போட்டுக்கொண்டிருந்தாள். பாக்ஸைத் திறந்து பார்த்து, யார் வீட்டு விசேஷம் என்று கேட்டாள். அண்ணாச்சியின் அப்பா நினைவு நாள் என்றேன். அதற்கு ஏன் சர்க்கரை என்றாள். எனக்கு அப்போது வேறு பொய் எதுவும் வாயில் வரவில்லை. அண்ணாச்சியின் புத்தகத்தில் இருந்தபடியே சொன்னேன். கேட், காவலாளி, கவிழ்த்த டிபன் பாக்ஸ், பசிக்குதா. அம்மா கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்ல மன்சன். உங்கப்பனுந்தான் ஆர்பர்ல கீந்தாரு. ஒரு நாளாச்சும் ஒரு பிடி கொணாந்துருப்பாரா?"

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. அம்மா, அது அப்பாதான் என்றேன். வெள்ளை ஷூவிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாகிட்ட சொல்லாத என்று அவர் சொன்னதையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ஷூ வாங்கிய அன்றைக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு அவர் வந்ததும் வராததுமாகச் சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டது அவளுக்கு ஞாபகம் இருந்தது. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு மூச்சு வந்தது.

அம்மா என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ எழுதுறவ. எத்த எங்க கொண்டாந்து சேக்கணும்னு உனுக்குத் தெரியும். அட்த்தவன் அப்பன எட்து உங்கப்பனுக்கு மாட்டி வுடாதடி. அவுரு எப்டி இர்ந்தாரோ அப்டியே இர்ந்துட்டுப் போட்டும்."

அந்தக் கடிதத்தைப் பதிப்பகத்துக்குத் தபாலில் அனுப்பவில்லை. அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லி அன்றைக்கே எழுதினேன். அண்ணாச்சிக்கு நன்றி சொல்லி என் அப்பாவை அச்சிட என்னால் முடியாது. அச்சிட்டாலும் யாருக்காக எழுதினேனோ அவள் நம்பப்போவதில்லை.

அம்மா சர்க்கரையை எங்கள் டப்பாவில் கொட்டிக்கொண்டு, பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அந்தச் சர்க்கரை தீர மூன்று வாரம் ஆனது. அதுவரைக்கும் தினம் காபி கலக்கும்போது, அண்ணாச்சியின் அப்பாவுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னாள்.